ஷிஃப்ட் முடிந்து வருபவர்களுக்கு ஓர் இரவு: இண்டஸ்ட்ரி நைட் நடத்துவது எப்படி

உணவகம், பார், ஹோட்டல் ஊழியர்களுக்கென்று ஒரு கிளப் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினால் அதற்கு இண்டஸ்ட்ரி நைட் என்று பெயர். வெள்ளியும் சனியும் ஊரே ஆடிக்கொண்டிருக்கும்போது இவர்கள் தட்டு தூக்கிக்கொண்டோ அடுப்படியில் வெந்துகொண்டோ இருப்பார்கள். இவர்களுடைய வார இறுதி ஞாயிறு பின்னிரவில்தான் பிறக்கும். கிளப்பிலோ வாரத் தொடக்கத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இரு தரப்புக்கும் தேவை இருப்பதால் இதை நடத்துவது சுலபம் என்று கிளப்களில் இப்படி இரவுகளை ஏற்பாடு செய்யப் புதிதாக வரும் புரமோட்டர்கள் நினைத்துவிடுகிறார்கள். பாதி விலை என்று போஸ்டர் அடித்து, பத்து மணிக்குக் கதவைத் திறந்து, பன்னிரண்டு வரை காலித் தளத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

விருந்தாளிகளின் ஷிஃப்ட் எப்போது முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப வைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. விலை, இசை, சாப்பாடு, வாசல் என்று கீழே வருவதெல்லாம் அந்த ஒரு தகவலைச் சுற்றித்தான்.

நாளும் நேரமும்

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்றில் ஒன்று. எது என்பதைச் சுற்றுவட்டார உணவகங்களின் விடுமுறை நாள் முடிவு செய்யட்டும். பெரும்பாலான உணவகங்கள் திங்களன்று மூடியிருந்தால் ஞாயிறு இரவு பொருந்தும். மறுநாள் சீக்கிரம் எழ வேண்டாம். திங்கள் திறந்து செவ்வாய் மூடும் வட்டாரம் என்றால் திங்கள் இரவு. சுற்றியுள்ள 30 இடங்களின் விடுமுறை நாளையும் மூடும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் நாள் குறிப்பவர்கள்தான் மூன்றாவது வாரம் நாளை மாற்றுகிறார்கள். நாளை மாற்றினால் பழகத் தொடங்கிய கூட்டமும் கலைந்துவிடும்.

அந்தத் தாளில் நான்கு அலைகள் தெரியும். ஹோட்டல் ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் ஆட்கள் சிலர் பத்தரைக்கே வருவார்கள். கடைசி ஆர்டர் முடிந்து, அடுப்பைத் துடைத்துவிட்டுச் சமையல்காரர்கள் பதினொன்றரையை ஒட்டி வருவார்கள். மேசை காலியாகி, பில் கணக்கை ஒப்படைத்துவிட்டு சர்வீஸ் ஆட்கள் பன்னிரண்டரைக்கு. தங்கள் கடையை மூடிவிட்டு பார்டெண்டர்கள் ஒன்றரைக்கு. உங்கள் கிளப்பின் உரிமம் இரண்டு மணியோடு முடிகிறது என்றால் பார்டெண்டர்களை மறந்துவிட்டு, சமையல்கட்டையும் சர்வீஸையும் நம்பித் திட்டமிடுங்கள். மூன்று மணி வரை உரிமம் இருந்தால் நான்கு அலையும் உங்களுக்கு.

வாராவாரம் நடத்துவதா, இரண்டு வாரத்துக்கு ஒரு முறையா? வாராவாரம் நல்லது. இவர்களுக்கு ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது ஷிஃப்ட் என்ற பட்டியல், வாரத்துக்கு வாரம் மாறும். ‘இந்த வாரம் உண்டா, அடுத்த வாரமா’ என்று யோசிக்க வைத்தால் வேறெங்காவது போய்விடுவார்கள். வாராவாரம் தாங்காது என்றால் மாதத்தின் முதல் திங்கள் என்பது போல மறக்க முடியாத ஒரு நாளை வையுங்கள்.

கிளப் உரிமையாளருடன் பேச்சு

வாயால் பேசி முடிக்காதீர்கள். ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: வாசல் வசூலில் உங்கள் பங்கு, பார் விற்பனையில் உங்கள் பங்கு, டிஜே செலவும் பாதுகாப்புச் செலவும் யார் தலையில், இலவசமாகக் கொடுக்கும் பானங்கள் எந்தக் கணக்கில், எத்தனை வாரம் முயற்சி, எந்த நிலையில் இரு தரப்பும் விலகலாம். எட்டு வாரம் குறைந்தபட்சம். மூன்று வாரத்தில் இந்த மாதிரி இரவைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முதல் வாரம் நண்பர்கள் வருவார்கள், இரண்டாம் வாரம் யாரும் வர மாட்டார்கள், நான்காம் ஐந்தாம் வாரத்தில்தான் உண்மையான எண்ணிக்கை தெரியும்.

இலவச நுழைவு என்றால் வாசல் வசூலில் பங்கு கேட்பதில் பொருளில்லை. பார் விற்பனையில் ஒரு விழுக்காடு கேளுங்கள், குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் அந்த விழுக்காடு ஏறும்படி. அதே நேரத்தில், ‘பார் இவ்வளவு விற்காவிட்டால் மீதியை நீங்கள் கட்ட வேண்டும்’ என்ற நிபந்தனை தாளில் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக வருபவர் அதில் கையெழுத்துப் போடக் கூடாது.

சட்டத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். மதுவைத் தள்ளுபடியில் விற்பதற்கு ஊருக்கு ஊர் விதி வேறு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1984 முதல் ஹேப்பி ஹவருக்கு, அதாவது குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் மதுவின் விலையைக் குறைப்பதற்கு, தடை இருக்கிறது. பொதுமக்கள் வரும் இடத்தில், அந்த வாரத்தின் வழக்கமான விலையைவிடக் குறைத்து ஒரு சிலருக்கு மட்டும் விற்க முடியாது. ஊழியர் தள்ளுபடி என்ற யோசனையே அங்கே அடிபட்டுப்போகும். ஸ்காட்லாந்தில் ஒரு பானத்தின் விலையை மாற்றினால் 72 மணி நேரத்துக்கு மறுபடி மாற்ற முடியாது. பதினொன்றிலிருந்து ஒன்று வரை மட்டும் குறைந்த விலை என்பது அங்கே நடக்காது. உங்கள் ஊரின் விதியை உரிமம் வழங்கும் அலுவலகத்தில் கேளுங்கள். பக்கத்து கிளப் செய்கிறது என்பது அனுமதி ஆகாது. பாட்டுக்கான பொது ஒலிபரப்பு உரிமம், அரங்கக் கொள்ளளவு, நுழைவு வயது ஆகியவை கிளப்பிடம் ஏற்கெனவே இருக்கும். அதன் நகலைக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

தள்ளுபடிக் கணக்கு

பாதி விலை என்று அறிவிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு பானத்தின் பட்டியல் விலை 100 பங்கு, அதற்குள் போகும் சரக்கின் அடக்கம் 20 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முழு விலைக்கு விற்றால் கையில் நிற்பது 80. பாதி விலைக்கு விற்றால் 30. அதே 80-ஐ எடுக்க இரண்டே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாக விற்க வேண்டும். 30 விழுக்காடு தள்ளுபடியில் நிற்பது 50, 1.6 மடங்கு விற்றால் போதும். 20 விழுக்காடு என்றால் 60; மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விற்றாலே சரிக்கட்டிவிடும்.

ஆகவே, எல்லாவற்றுக்கும் பாதி விலை வேண்டாம். மூன்றோ நான்கோ பொருளுக்கு மட்டும் ஆழமான தள்ளுபடி வையுங்கள்: ஒரு பீர், ஒரு ஷாட், இரண்டும் சேர்ந்த ஒரு ஜோடி, மதுவில்லாத ஒரு பானம். மற்றவற்றுக்கு 20 விழுக்காடு. விருந்தாளிகள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அடக்கவிலை அவர்களுக்கும் அத்துப்படி. எங்கே உங்களுக்குக் கையைக் கடிக்கும் என்று அவர்களே சொல்வார்கள்.

தள்ளுபடி எப்போது முடிகிறது என்பதும் முக்கியம். மூடும் நேரம் வரை இழுத்தால் கடைசி அரை மணியில் ஆளுக்கு மூன்று கிளாஸ் வாங்கி வரிசையாக வைத்துக்கொள்வார்கள். மூடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிடுங்கள். அதை முதலிலேயே பலகையில் எழுதி வையுங்கள்.

தள்ளுபடிக்குச் சட்டம் இடம் தராத ஊரில் என்ன செய்வது? இலவச நுழைவு, வரிசையில் நிற்காத வாசல், மலிவான சூடான சாப்பாடு, இலவசமாகப் பை வைக்கும் இடம். நேர்மையாகச் சொன்னால், இந்த நான்கும் ஒழுங்காக இருந்தால் பானத் தள்ளுபடியை யாரும் பெரிதாகத் தேட மாட்டார்கள்.

பின்வாசல் வழியாக அழைப்பு

சமூக ஊடக விளம்பரத்துக்குப் பணம் கொட்டினால் வந்து சேர்வது தள்ளுபடிக்கு அலையும் பொதுமக்கள்தான். இந்தக் கூட்டத்தைக் காலால் நடந்துதான் சேர்க்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடைப்பட்ட நேரம், பிற்பகல் மூன்றிலிருந்து நாலரை வரை, செவ்வாய் முதல் வியாழன் வரை போங்கள். வெள்ளி இரவு எட்டு மணிக்கு பரபரப்பான சர்வீஸுக்கு நடுவில் போய் கார்டு நீட்டுபவரை அவர்கள் மறக்கவே மாட்டார்கள், ஆனால் நல்ல விதமாக அல்ல. முதலில் மேலாளரைப் பார்த்து அனுமதி கேளுங்கள். முதலாளிகளுக்கு இரண்டு பயம் உண்டு: ஆட்கள் மறுநாள் போதை தெளியாமல் வருவார்கள், வேறு கடைக்காரன் வந்து ஆளைக் கொத்திக்கொண்டு போவான். மறுநாள் விடுமுறை என்ற நாள் தேர்வு முதல் பயத்துக்குப் பதில். இரண்டாவதற்கு, உங்கள் இரவில் ஆள் எடுக்கும் அறிவிப்பு எதுவும் இருக்காது என்று வாக்குக் கொடுங்கள், காப்பாற்றுங்கள்.

பிறகு ஒவ்வோர் இடத்திலும் ஒரு தலையைப் பிடியுங்கள். மேலாளரைவிட மூத்த பார்டெண்டர், சூ ஷெஃப் (தலைமைச் சமையல்காரருக்கு அடுத்தவர்), எல்லோருக்கும் பிறந்தநாள் கேக் வாங்கி வருகிற அந்த ஒருவர், இவர்களில் ஒருவர் தோது. அவர் பெயரில் அந்தக் கடைக்கு ஒரு பட்டியல்; வருபவர்களின் பெயரை அவரே மாலைக்குள் வாட்ஸ்அப்பில் அனுப்புவார். 15 இடம், இடத்துக்கு 10 பேர் என்றால் பட்டியலில் 150 பெயர். இலவசப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களில் பாதிப் பேர் வந்தாலே திருப்தி. அன்றைக்குக் கடை மூடத் தாமதமாகும், கால் வலிக்கும், யாராவது வராததால் மறுநாள் ஷிஃப்ட் தலையில் விழும்.

கார்டு அடித்தால் ஏப்ரன் பாக்கெட்டில் போகும் அளவு போதும். அதில் நாள், நேரம், எந்த அத்தாட்சி வேண்டும், சமையல்கட்டு எத்தனை மணி வரை, முடிந்ததும் எப்படி வீடு போவது ஆகிய ஐந்து விவரம். ரோஸ்டர் ஒன்றிரண்டு வாரம் முன்பே எழுதப்படுவதால் முதல் இரவை மூன்று வாரம் முன்பே அறிவித்துவிடுங்கள்.

ஒரு வார்த்தை: பாத்திரம் கழுவுபவர், அறை சுத்தம் செய்பவர், பார்சல் கட்டுபவர் எல்லோரும் பட்டியலில் சேர்த்திதான். பார்டெண்டர்களை மட்டும் உபசரிக்கும் இரவு சீக்கிரமே பத்துப் பேரின் அரட்டைக் கூடமாகச் சுருங்கிவிடும்.

வாசல்

பணம் போவது பாரில் என்றாலும் பெயர் கெடுவது வாசலில்தான்.

தொழிலில் இருப்பவர் என்பதற்கு என்ன அத்தாட்சி கேட்பது? ஊழியர் அடையாள அட்டை, கைபேசியில் அந்த வார ரோஸ்டர், சம்பளச் சீட்டு (தொகையை விரலால் மறைத்துக் காட்டலாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்), கடையின் பெயர் போட்ட சட்டை. இவற்றில் ஏதாவது ஒன்று. பார்த்தால் போதும், படம் எடுக்கவோ நகல் வாங்கவோ கூடாது. அடுத்தவரின் சம்பள விவரத்தைச் சேர்த்து வைத்தால் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வயதுக்கான அடையாள அட்டை தனி. தெரிந்த முகம் என்று அதில் சலுகை காட்டக் கூடாது.

இப்போது கணக்கு. பட்டியலில் பெயர் பார்த்து ரிஸ்ட்பேண்ட் (மணிக்கட்டுப் பட்டை) கட்ட 15 விநாடி ஆனால் ஒருவர் மணிக்கு 240 பேரை உள்ளே விடலாம். கைபேசியில் ரோஸ்டரைத் தேடித் திறந்து காட்ட 45 விநாடி ஆனால் மணிக்கு 80 பேர்தான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் பன்னிரண்டிலிருந்து ஒன்றேகால் வரைக்குள் வந்து குவிவார்கள். ஆகவே வாசலை இரண்டாகப் பிரியுங்கள்: பட்டியலில் இருப்பவர்களுக்கு ஒன்று, அத்தாட்சி காட்டுபவர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஒன்று. பட்டியலை ஆள் பெயரின் அகரவரிசையில் வைக்காமல் கடைவாரியாக அச்சிடுங்கள். ஒரே கடை ஆட்கள் கும்பலாகத்தான் வருவார்கள், ஒரே தாளில் டிக் அடித்துவிடலாம். ரிஸ்ட்பேண்டின் நிறத்தை வாராவாரம் மாற்றுங்கள். போன வாரத்துப் பட்டையை வெட்டாமல் கையில் வைத்துக்கொண்டு வருபவர்கள் இந்தத் தொழிலில் குறைவில்லை.

ஆடை விதியைத் தளர்த்துங்கள். பத்து மணி நேரம் நின்ற கால் கருப்பு ரப்பர் காலணியில்தான் வரும். ‘ஸ்னீக்கருக்கு அனுமதி இல்லை’ என்று சனிக்கிழமைப் பழக்கத்தில் ஒரு பவுன்சர் நான்கு சமையல்காரர்களைத் திருப்பி அனுப்பினால், அந்தச் செய்தி மறுநாள் மதியத்துக்குள் எல்லாச் சமையல்கட்டுக்கும் போய்விடும்.

புதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கோட்டைவிடுவது கத்தி விஷயம். செஃப்கள் தங்கள் சொந்தக் கத்திகளைத் துணிச்சுருளில் கட்டிப் பையில் வைத்துக்கொண்டே வருவார்கள். பையைச் சோதிக்கும் பவுன்சருக்கு இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் வாசலில் கலவரம். கிளப்பிடம் பேசி, பூட்டுள்ள ஓர் அலமாரியை வாசலுக்கு அருகே கேளுங்கள். பை வைக்கும் பொது இடத்தில் வைக்காதீர்கள். சுருளைத் திறக்காமல் வாங்கி, எண்ணிட்ட டோக்கனின் ஒரு பாதியைச் சுருளிலும் மறு பாதியை உரிமையாளர் கையிலும் கொடுங்கள். வெளியே போகும்போது, வாசலைத் தாண்டுகிற இடத்தில் வைத்துத்தான் திருப்பித் தர வேண்டும். தள்ளாடுகிறவரிடம் தரக் கூடாது. மறுநாள் வந்து வாங்கிக்கொள்ளட்டும். பணியிலிருந்து திரும்புபவர் கத்தி எடுத்துச் செல்வது பற்றி உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பாதுகாப்புத் தலைவரிடம் கேட்டுவையுங்கள்.

பாதுகாப்புக்கு 75 முதல் 100 பேருக்கு ஓர் ஆள் என்பது நடைமுறையில் உள்ள அளவு. உரிமத்தில் வேறு எண் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

பாரும் சரக்கும்

50 முதல் 75 பேருக்கு ஒரு பார்டெண்டர், இரண்டு பார்டெண்டர்களுக்கு ஒரு பார்பேக், அதாவது ஐஸும் கிளாஸும் எடுத்துத் தரும் உதவியாள். கூட்டம் ஒரு மணி நேரத்தில் குவிவதால் 75-ஐவிட 50-ஐ ஒட்டியே வையுங்கள்.

தொழில்காரர்கள் வந்து பத்துப் பொருள் சேர்ந்த காக்டெய்ல் கேட்பார்கள் என்று பயப்பட வேண்டாம். பாருக்குப் பின்னால் நிற்பவரின் கஷ்டம் அவர்களுக்குத் தெரியும். பீர், ஷாட், சோடா கலந்த ஏதாவது ஒன்று, இதுதான் பெரும்பாலும். ஃபெர்னெட் என்ற கசப்பான மூலிகை மதுவின் ஷாட்டுக்கு ‘பார்டெண்டரின் கைகுலுக்கல்’ என்றே பட்டப்பெயர் உண்டு. அதில் இரண்டு பாட்டில் இருப்பு வைத்தால் உங்களை ‘விவரம் தெரிந்த ஆள்’ கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

சரக்கு எவ்வளவு? 200 பேர், தலைக்கு மூன்று பானம் என்றால் 600. அதில் 40 விழுக்காடு பீர் என்றால் 240. மீதி 360-இல் பாதி உங்கள் தள்ளுபடி ஷாட்டாக இருந்தால் 180. 30 மில்லி அளவுக்கு 700 மில்லி பாட்டிலில் 23 ஊற்றலாம். சிந்துவதைக் கழித்து 22 என்று வையுங்கள். ஒன்பது பாட்டில் வரும், பத்தாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸ் தலைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ. ஞாயிறு இரவு ஐஸ் தீர்ந்தால் வாங்க இடம் இருக்காது என்பதால் சனிக்கிழமையின் மிச்சத்தை நம்ப வேண்டாம். ஊழியர்களில் பலர் டிப்ஸாக வாங்கிய பணத்தோடு வருவார்கள், அதனால் சில்லறை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேண்டும்.

பணம் கசியும் இடம் ஒன்று உண்டு: கம்ப், அதாவது இலவசமாகத் தட்டிவிடும் பானம். வாசலில் வருகிற ஒவ்வொருவரும் பாருக்குப் பின்னால் நிற்பவரின் நண்பர். ‘இது என் கணக்கு’ என்று ஒன்று, அதற்குப் பதிலாக அடுத்த வாரம் அவர் கடையில் ஒன்று. முழுவதும் தடை செய்தால் மறைவாக நடக்கும். ஒவ்வொரு பார்டெண்டருக்கும் இரவுக்கு எட்டோ பத்தோ டோக்கன் கொடுங்கள். டோக்கனோடு பில் மெஷினில் பூஜ்ய விலையில் அடித்தால்தான் பானம். டோக்கன் தீர்ந்தால் முடிந்தது. மூடும்போது டோக்கன் எண்ணிக்கையும் மெஷின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும்.

கிளப்பின் சொந்த ஊழியர்களையும் நினைத்துப் பாருங்கள். ஊரே கொண்டாடும் தொழிலாளர் இரவில் அவர்கள் மட்டும் வேலை செய்கிறார்கள். சுழற்சி முறையில் ஒவ்வொரு வாரமும் இரண்டு பேருக்கு விடுமுறை கொடுத்து விருந்தாளியாக வரச் சொல்லும்படி மேலாளரைக் கேளுங்கள். டிப்ஸ் விழுக்காட்டுக் கணக்கில் நடக்கும் இடமென்றால் தள்ளுபடி பில்லில் அவர்கள் வருமானம் இறங்கும்; பில்லில் பழைய விலையையும் அச்சிட்டால் விவரம் தெரிந்த கூட்டம் அதை வைத்தே டிப்ஸ் போடும்.

மதுபானக் கம்பெனிகள் இந்த இரவுக்கு பாட்டிலும் பரிசும் தர முன்வரும், ஏனென்றால் அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் நாளைக்கு அவர்கள் சரக்கை விற்கப்போகிறவர். வாங்கிக்கொள்ளலாம், சப்ளையர் கடைக்கு இலவசம் தருவதைச் சட்டம் தடுக்காத இடமாக இருந்தால். மைக்கை மட்டும் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இரண்டு நிமிடம்.

சாப்பாடு

ஊழியர் சாப்பாடு மாலை நாலரைக்கு. அதற்குப் பிறகு நின்றுகொண்டே விழுங்கிய இரண்டு வாய். நள்ளிரவில் வெறும் வயிற்றோடு வரும் கூட்டத்துக்கு ஷாட்டை மட்டும் நீட்டினால் ஒன்றரை மணிக்கு விளைவைத் தரையில் துடைக்க வேண்டியிருக்கும். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மது இரத்தத்தில் ஏறுவது மெதுவாகும்.

சமையல்கட்டை ஒன்றரை வரை திறந்து வையுங்கள்; மூன்றே பொருள் போதும். சூடாக, ஒரு கையில் பிடித்துச் சாப்பிடும்படி, கத்தி முள்கரண்டி தேவைப்படாததாக. இறைச்சி இல்லாத ஒன்று கட்டாயம். சமைத்துச் சமைத்துச் சலித்தவர்களுக்குக் கலைநயம் வேண்டாம், உப்பும் சூடும் வேண்டும். ஒரே ஒரு சமையல்காரரை மாலை ஏழு மணிக்கு வரச் சொல்லி பன்னிரண்டுக்கு அனுப்பிவிடும் கிளப்கள் உண்டு. இந்த இரவுக்கு அவர் ஷிஃப்ட் பத்துக்குத் தொடங்கட்டும்.

இசையும் அரங்கமும்

400 பேர் கொள்ளும் அரங்கில் 90 பேர் நின்றால் சாவு வீடு மாதிரி இருக்கும். அதே 90 பேரை 120 பேர் கொள்ளும் மூலையில் நிறுத்தினால் கொண்டாட்டம். மாடியை மூடுங்கள், திரை போடுங்கள், ஒரு பாரை மட்டும் திறங்கள். கூட்டம் நெருக்கியடித்த பிறகு திரையை விலக்குவது எளிது.

பத்து மணி நேரம் பாத்திரச் சத்தத்திலும் எக்ஸாஸ்ட் இரைச்சலிலும் நின்ற காதுகள் இவை. முதல் ஒரு மணி நேரம் பேசினால் கேட்கும் அளவில் வையுங்கள். அந்த நேரத்தில் அவர்கள் அன்றைய சர்வீஸைப் பற்றிப் புலம்பித் தீர்க்க வேண்டும், அது முடியாமல் ஆட மாட்டார்கள். பன்னிரண்டரைக்கு மேல் ஏற்றலாம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பாதுகாப்பான கேட்டலுக்கான தரநிலை, அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. அமைதியான ஒரு பகுதியும் காதடைப்பானும் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. உட்கார இடமுள்ள அமைதி மூலை இந்தக் கூட்டத்துக்கு ஆடுகளத்தைவிட அவசியம். கால்கள் அப்படி.

டிஜே தொழிலுக்குள்ளிருந்தே வந்தால் அவர் கடை ஆட்கள் கூடவே வருவார்கள். முதல் அரை மணியை அப்படி ஒருவருக்குக் கொடுங்கள், உச்ச நேரத்தை அனுபவசாலிக்கு வையுங்கள்.

போட்டி வைக்கலாம், 20 நிமிடத்துக்கு மிகாமல், பன்னிரண்டே முக்கால் வாக்கில். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் டம்ளர்களோடு தட்டு ஓட்டம், அளவுக்குப்பியில்லாமல் 30 மில்லி ஊற்றும் பந்தயம். கண்ணாடி வேண்டாம், குடிக்கும் போட்டி கூடவே கூடாது. பரிசாக மது பாட்டில் தருவதைவிட நல்ல வேலைக் காலணி, கால் மசாஜ் சீட்டு, சாணை பிடித்த கத்தி என்று யோசியுங்கள்.

குடி மிஞ்சும்போது

ஒரு மணிக்கு வந்து மூன்றுக்குப் போக வேண்டியவர்கள் நான்கு மணி நேரக் குடியை இரண்டில் அடக்கப் பார்ப்பார்கள். உடலோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு சராசரி பானம் என்ற வேகத்தில்தான் மதுவைக் கரைக்கும். காபியும் குளிர்ந்த நீரும் அதை விரைவுபடுத்தாது. தண்ணீர்க் குடமும் டம்ளரும் பார் வரிசையில் நிற்காமல் தாங்களே எடுக்கும்படி இரண்டு இடங்களில் இருக்கட்டும். மதுவை விட்டவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர். அவர்களுக்கு ஒழுங்கான கிளாஸில், ஒழுங்கான மதுவில்லாத பானம் கிடைத்தால் அவர்களும் வருவார்கள், நண்பர்களையும் பத்திரமாகக் கூட்டிப்போவார்கள்.

நாக்கு குழறுபவருக்கு ஊற்ற மறுப்பது வேறெந்த இரவையும்விட இங்கே கடினம், ஏனென்றால் அவர் பார்டெண்டரின் பழைய முதலாளியாக இருப்பார். ‘யாருக்கு நிறுத்துவது என்பது இரவு மேலாளரின் முடிவு’ என்று முன்பே வைத்துவிட்டால் பழி பார்டெண்டர் மேல் விழாது. மேலாளரும் ஜூனியரும் ஒரே இடத்தில் குடிக்கும் இரவு இது என்பதையும் மறக்க வேண்டாம். பணியிடத்தில் அதிகாரம் இருப்பவர் அத்துமீறினால் பாதிக்கப்பட்டவர் பயந்து வாய் திறக்க மாட்டார். யாரிடம் சொல்லலாம் என்று கழிவறைக் கதவின் உள்பக்கத்தில் ஒரு பெயரும் எண்ணும் ஒட்டுங்கள். அந்த எண்ணுக்கு அழைத்தால் எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

பேருந்து நின்ற பிறகுதான் இவர்கள் வெளியே வருவார்கள். கடைவாரியாகச் சேர்ந்து டாக்ஸி பிடிக்கும்படி இரண்டரைக்கே டிஜே அறிவிக்கட்டும். விளக்கை ஒரேயடியாகப் போடாமல் 15 நிமிடத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். தெருவில் சத்தம் போடாமல் அனுப்ப வாசலில் ஒருவர் நிற்கட்டும். அக்கம்பக்கத்துப் புகாரால் உரிமம் போன பிறகு எதைச் சொல்லியும் பயனில்லை.

மறுநாள்

கடைவாரிப் பட்டியலில் டிக் எண்ணிக்கை, மணிவாரி நுழைவு, பார் விற்பனையைத் தலைக்கு வகுத்த எண், டோக்கன் கணக்கு. இந்த நான்கையும் ஒவ்வொரு வாரமும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். மொத்தக் கூட்டத்தைவிட, எத்தனை கடைகளிலிருந்து வந்தார்கள் என்ற எண்ணைக் கவனியுங்கள். இரண்டு கடையிலிருந்து 60 பேர் வந்தால் அந்தக் கடையில் ஒரு பிறந்தநாள் என்று அர்த்தம். 12 கடையிலிருந்து 60 பேர் வந்தால் இரவு வேர்பிடிக்கிறது.

ஒருவரும் வராத கடையின் தலையை புதன்கிழமை பிற்பகல் மூன்றரைக்குப் போய்ப் பாருங்கள். குறை கேட்கும் தொனி வேண்டாம். எத்தனை மணிக்கு மூடினீர்கள் என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்கும்: கடைசி மேசை எழுந்திருக்கவில்லை, வந்தபோது உங்கள் சமையல்கட்டு மூடியிருந்தது. அப்படியானால் அடுத்த வாரம் சமையல்கட்டை இரண்டேகால் வரை நீட்டி, அதை அவருக்கே முதலில் செய்தி அனுப்புங்கள்.